யார் கைத் தண்ணீர்

இன்று காலை கிணற்றடிக் கொடியிலிருந்து வடிகட்டும் துணியை உருவினேன். காய்ந்தும் காயாத துணியின் அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப்போகிறது. போனவள்மேல் பொறாமைப்படுகிறவள் இந்தச் செஞ்சியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன், உனக்கென்ன!

என் தம்பிக்கு உன்னைக் கட்டிவைத்தபோது நான் ரங்கூனில் இருந்தேன். கல்யாணத்துக்கு வர முடியவில்லை. உன்னை முதன்முதலில் பார்த்ததே, அறுபத்து நாலில் எல்லாம் போய்த் திரும்பி வந்த அன்றுதான். கடையை அந்த நாட்டுச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரரை அதற்கு முன்பே நெஞ்சுவலி கொண்டுபோயிருந்தது. கப்பலில் மதராஸ், அங்கிருந்து திண்டிவனம், பிறகு செஞ்சி பஸ். ராஜகிரி மலை கண்ணில் பட்டதும் பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். இனி எனக்கென்று இருப்பது அம்மா ஒருத்திதான், அது போதும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

அம்மா வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைக்க முந்தானையைத் தேடியவள், பக்கத்தில் நின்ற உன் முந்தானையை இழுத்துத் துடைத்துக்கொண்டாள். அது அவளுக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பொறாமை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற நம் சமணர் வழக்கம் எனக்கு ரங்கூனில் விட்டுப்போயிருந்தது. "இருட்டறதுக்குள்ள வாங்க அண்ணி, அத்தே காத்துனு இருக்காங்க" என்று கூப்பிடுவாய். என் அம்மா காத்திருப்பதை எனக்கு நீ சொல்கிறாய்! சாப்பிடும்போது ஏதோ பேச்சில், "சிங்கவரத்து மாடாட்டம்" என்பாய். அவ்வளவுதான், மாமியாரும் மருமகளும் புரையேறச் சிரிப்பீர்கள். "இன்னாடி அது?" என்று கேட்டால், "அது பெரிய கதை அண்ணி" என்பாய். அந்த மாட்டுக் கதையை நீ கடைசிவரை சொல்லவே இல்லை. நான் இல்லாத வருஷங்களில் அம்மா சிரித்ததெல்லாம் உன்னிடம்தான் இருந்தது.

கிணற்றடியில் உன்னைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். தண்ணீரைச் சேந்தித் துணியில் வடிகட்டுவாய். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, வடிகட்டிய தண்ணீரிலேயே அலசி, அலசிய தண்ணீரைக் கிணற்றுக்குள் மெல்ல இறக்கிவிடுவாய். கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் துணியில் தங்கிச் செத்துப்போகக் கூடாது. "வந்த எடத்துக்கே போவட்டும், பாவம்" என்பாய். கிணற்றுப் பூச்சிக்குக்கூடத் திரும்பிப் போனால் இடம் இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்று மனசுக்குள் கறுவிக்கொள்வேன்.

அப்புறம் அம்மாவின் நோன்பு வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடப்பாள். மறுநாள் பொழுது விடிந்ததும் வீட்டில் ஒருவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்து நோன்பை முடிப்பாள். வருஷக்கணக்காக அது உன் கை. இந்தத் தடவை அது என் கையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. உனக்கு முன்னால் எழுந்து, கிணற்றில் சேந்தி, சொம்பு நிறைய மொண்டு அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா வாங்கவில்லை. "வடிகட்டினியா?" என்றாள்.

ரங்கூனில் குழாயைத் திருகினால் தண்ணீர். வடிகட்டுவதாவது ஒன்றாவது! மறந்தே போயிருந்தேன். சமணர் வீட்டில் பிறந்தவள், நோன்பு முடிக்கிறவளிடம் வடிகட்டாத தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றேன். நீ எங்கிருந்தோ வந்து சொம்பை வாங்கினாய். "ஜில்லுனு இருக்குது அத்தே, காலி வயித்துக்கு ஆவாது. காய வெச்சி எடுத்தாறேன்" என்று உள்ளே போனாய். வடிகட்டி, வெதுவெதுப்பாக்கிக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தாய்.

"நீங்களே குடுங்க அண்ணி."

அம்மா என்னிடமிருந்து சொம்பை வாங்கினாள். உடனே குடித்துவிடவில்லை. என் தோளுக்கு மேலாக உன்னைப் பார்த்தாள். நீ தலையை ஆட்டினாய். அதற்கப்புறம்தான் குடித்தாள்.

நீ பெரிய மனசோடுதான் செய்தாய். அந்தப் பெரிய மனசைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பேனே!

போவதிலும் நீதான் முந்திக்கொண்டாய். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்க, நீ போயிட்டியேடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் போயிருந்தால் இப்படி அழுவாளா என்று அந்த நேரத்திலும் என் பாழும் மனசு கேட்டது.

இப்போது அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. காலடிச் சத்தம் கேட்டால் உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். "நான் உன் பொண்ணும்மா" என்று கொஞ்ச நாள் வெடுக்கென்று சொல்லிப் பார்த்தேன். "ஆமால்ல" என்று முகம் சுருங்கி, கேட்க வந்ததைக் கேட்காமலே விட்டுவிடுவாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இன்றும் நோன்பு முடிக்கிற காலைதான். தண்ணீரோடு பக்கத்தில் போனேன். உன் பெயரைச் சொல்லி, "வந்துட்டியா?" என்று கையை நீட்டினாள்.

"வந்துட்டேன் அத்தே" என்றேன், என்னைப் பெற்றவளிடம்.