கடைவாசலை மறித்த பஸ்கள்

அண்ணாச்சி,

இன்று காலை உங்கள் மளிகைக் கடையைத் திறந்தார்கள். கட்டடச் சொந்தக்காரர் யாரோ இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்கினார். எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே ஒரு சாமான் கிடையாது. ஆனாலும் பெருங்காயமும் துணி சோப்பும் காய்ந்த மிளகாயும் கலந்த அந்த வாசனை, பக்கத்துக் கடையில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த என் மூக்கில் வந்து ஏறியது. நீங்கள்தான் ஊரிலிருந்து வந்துவிட்டீர்கள் என்று ஒரு நொடி எழுந்தே விட்டேன். அப்புறம்தான் நீங்கள் ஊரிலேயே கண்ணை மூடியது நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிக்கு உங்கள் காரியத்துக்கு வரக்கூட என்னால் முடியவில்லை.

வந்தவர்கள் கடை வைக்க வந்தவர்கள் இல்லை. நம் வரிசை முழுவதையும் இடித்தால் எத்தனை லாரி நிறுத்தலாம் என்று டேப் பிடித்து அளந்தார்கள். என் கடைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். இங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, ஒரு வார்த்தை சொல்லுவோம் என்று இல்லை. நான் என்ன, சுவரில் ஒட்டிய பல்லியா?

நீங்கள் இருந்திருந்தால் இதற்கும் டெல்லியைத்தான் திட்டியிருப்பீர்கள். தினமும் காலையில் பேப்பரை எடைத்தராசுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு நீங்கள் நடத்திய பார்லிமென்ட்டை நான் தையல் போட்டுக்கொண்டே கேட்டவள். ஜூஸ் கடை மூடினபோது அது ஜி.எஸ்.டி.யால். செல்போன் கடை மூடினபோது, ஆன்லைன்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மந்திரியால். மெஸ் மூடினபோது சிலிண்டர் விலையால். "டெல்லியில எவனாவது தும்முனா ஒரகடத்துல ஒரு ஷட்டரு எறங்குது, பாத்துக்கோ தங்கச்சி" என்பீர்கள். நம் வரிசையின் கடைசியில் இருக்கும் செருப்புக்கடை பாய், "அது சரி, எலெக்‌ஷன் வந்தா நீ எவனுக்குய்யா குத்துவே?" என்று சீண்டுவார். நீங்கள் பேப்பரை மடித்து ஈ ஓட்டுவீர்கள். எல்லோரும் சிரிப்போம்.

சிரிப்புதான். ஆனால் அந்த மூன்று கடையும் மூடியதற்குக் காரணம் டெல்லியில் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தப் பஸ்கள். ஷிப்ட் மாறும் நேரமெல்லாம் தொழிலாளிகளை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்கள் ஏழெட்டு வரிசையாக நம் கடைகளுக்கு முன்னால் வந்து நிற்குமே. எஞ்சினை அணைக்கவே மாட்டார்கள். ஒரு தடவை, படப்பையிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளை கவுன் சின்னதாக்கித் தரச் சொல்லி வந்திருந்தது. சர்ச்சுக்குப் போட்டுப் போகிற துணி. அதன் மேல் கரும்புகை படிந்தது. மூன்று தண்ணியில் அலசியும் போகவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா என்னைக் கேட்ட கேள்வியில் எனக்கு உடம்பே பற்றி எரிந்தது. அன்றைக்கே உங்கள் கடைக்கு வந்து நின்றேன். "மனு எழுதுங்கண்ணாச்சி. இந்த பஸ்ஸுங்கள வேற எங்கனா நிறுத்தச் சொல்லுங்க. நம்ம போர்டே எவனுக்கும் தெரியல."

நீங்கள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நிக்கட்டும்மா. எறங்குத பய மொதல்ல நம்ம கடையத்தான பாக்கான்" என்றீர்கள்.

"உங்களுக்கின்னா, மொளகா மேல புகை பட்டா தெரியவா போது? என் துணிய வந்து பாருங்க!"

என் வாய்க்குப் பயந்துதான் நீங்கள் எழுதினீர்கள். கையெழுத்து அழகு என்பதால் தெருவில் எந்த மனுவானாலும் நீங்கள்தான். முதல் கையெழுத்தும் உங்களுடையது. கடை கடையாகப் போய் மற்றவர்களிடம் வாங்கி வந்தவர் நீங்கள். நான் ஒன்பதாவதாகப் போட்டேன்.

ஒரே வாரம். கம்பெனியிலிருந்து ஓர் ஆள் சிரித்த முகமாக வந்தார். "உங்க கஷ்டம் புரியுது சார், மாத்திடறோம்" என்றார். நான் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் கையில் லட்டை வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றீர்கள். "நம்ம பேச்ச இம்புட்டு வெரசா எவம்மா கேட்டிருக்கான்?" என்று கேட்டீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நல்லது நடந்தாலும் இந்த மனுஷனுக்குச் சந்தேகம் என்று நினைத்தேன்.

பஸ்கள் புது ஹாஸ்டல் காம்பவுண்டுக்குள் போய்விட்டன. ஆறு மாடி. உள்ளேயே கேன்டீன், உள்ளேயே சூப்பர் மார்க்கெட், பேன்ட் சின்னதாக்க உள்ளேயே ஒரு டெய்லர். கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு நம் கடைகளுக்கு மேலே ரூம் எடுத்திருந்த உங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரையும் அங்கேயே மாற்றிவிட்டார்கள். வெளியே வர கேட் பாஸ் வேண்டுமாம். ஜூஸ் கடையும் செல்போன் கடையும் மெஸ்ஸும் ஆள் வராமல் மூடினது அதற்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை கேட் கம்பிக்கு உள்ளே நின்று உங்களுக்குக் கை காட்டினானே ஒருத்தன், "அண்ணாச்சி, கருப்பட்டி இருக்கா?" என்று. வாட்ச்மேன் உள்ளே போகச் சொன்னதும் திரும்பிப் போய்விட்டான். அதைப் பார்த்து வந்த அன்றைக்கு நீங்கள் பேப்பரைப் பிரிக்கவே இல்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் பாய் வெடித்தார். வியாபாரம் செத்துப்போன ஆத்திரம். நடுத்தெருவில் நின்று, "எவன்யா மனு போடச் சொன்னது? இந்த ஐடியா எவனுது?" என்று கத்தினார். நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாந்தாம் பாய். எனக்குத்தான் தோணிச்சு" என்றீர்கள். "எங்கிருந்தோ பொழைக்க வந்து எங்க பொழப்புல மண்ண போட்டுட்டியே!" என்றார் அவர். அதன் பிறகு தெருவில் ஒருத்தரும் உங்களிடம் ஒரு தீப்பெட்டி வாங்கவில்லை. நாலே மாதத்தில் நீங்கள் மூட்டை கட்டினீர்கள். தாம்பரத்தில் உங்களை வண்டி ஏற்றிவிட நான்தான் வந்தேன். அங்கேயும் நான் சொல்லவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை. "மெஷினுக்கு எண்ண போட்டு வச்சுக்கோ தங்கச்சி" என்றீர்கள். வண்டி கிளம்பிவிட்டது.

இன்றைக்கு அளந்தவர்கள் போன பிறகு பாய் வந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். "பாத்தியாக்கா? எல்லாம் அந்த அண்ணாச்சி பண்ண வேல. செத்தும் நம்மள வுடல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பாய், அது என் யோசனை. அவரு வேணான்னுதான் சொன்னாரு. நான்தான் சண்ட போட்டு எழுத வெச்சேன்" என்றேன்.

"அப்போ நான் அந்த ஆள பேசின பேச்செல்லாம்..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே திரும்பினார். தன் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணிக்கு அவர் டீ சொன்னால் எப்போதும் எனக்கும் சேர்த்துத்தான் வரும். இன்றைக்கு ஒரு டம்ளர்தான் வந்தது.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். இந்த வரிசையில் மிச்சம் இருப்பது நாலு கடை. அதில் மூன்று பேர் நாளையிலிருந்து என்னிடம் பேசப்போவதில்லை. இடிக்க வருகிற அன்று எனக்காக ஒருத்தரும் வெளியே வந்து நிற்கவும் போவதில்லை. இது தெரியாமலா அண்ணாச்சி அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? நன்றாகத் தெரிந்துதான் மூடிக்கொண்டேன். இந்தப் பழியை என் கையிலிருந்து வாங்கி நாலு மாதம் நீங்கள் தனியாகச் சுமந்தீர்கள். இப்போது அது திரும்ப என்னிடம் வந்துவிட்டது. கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது என்னுடையது.