கோழிக்குக் கண்ணைப் பொத்திய அத்தைக்கு

என் பாசத்துக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய அத்தை,

நீங்கள் போய் நாளையோடு ஒரு வருஷம். பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டுமாம். "அம்மாவைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதி வை" என்று சொல்லிவிட்டு உங்கள் மகன் டிராம் வேலைக்குப் போய்விட்டார். வாத்தியார் மகளைக் கட்டியதில் அவருக்குக் கிடைத்த லாபம் இது ஒன்றுதான். உட்கார்ந்து பார்த்தேன். நாலு வரிக்குள் நீங்கள் அடங்கவில்லை. நல்லதுக்குள்ளும் அடங்கவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. நம் நாய் கறுப்பன் இன்னும் உயிரோடு இருக்கிறான், காதுதான் கேட்பதில்லை. மழை விட்டதும் அவன் மேல் தெள்ளுப்பூச்சி ஏறிவிட்டது. நீங்கள் செய்வது போலவே புகையிலை ஊறிய தண்ணீரில் குளிப்பாட்டி, நக்கிவிடாமல் வாயைத் துணியால் கட்டி, உடம்பு காய்ந்ததும் வேப்பெண்ணெயில் கற்பூரம் போட்டுத் தேய்த்தேன். முன்பு உங்களைக் கண்டால் படிக்கு அடியில் போய் ஒளிவான். இப்போது என்னைக் கண்டாலும் அப்படித்தான்.

பினாங்கில் நம் ஆயர் ஈத்தாம் பக்கம் கோழி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் உங்கள் மருந்துதான். நேற்று பக்கத்து வீட்டுச் செல்லம்மா வந்தாள்.

"அக்கா, கோழியெல்லாம் செள்ளுப்பூச்சி அப்பிக் கெடக்கு, முட்டையே போடமாட்டேங்குது லா. உங்க அத்தை மருந்து கொஞ்சம் குடுங்க."

சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து ஒரு சிரட்டையில் கொடுத்தேன். "இறக்கைக்கு அடியில மட்டும் தடவு. தடவுறப்ப கோழியோட கண்ணைப் பொத்திக்க," என்றேன்.

"ஏங்க்கா?" என்று கேட்டாள். பிறகு என் இடது கண்ணைப் பார்த்தாள். சிரட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அத்தை, நான் வந்த வாரம் நினைவிருக்கிறதா? ஊரில் தாலி கட்டிவிட்டு உங்கள் மகன் முன்னால் வந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து நான் கப்பலேறினேன். கப்பலில் வருகிறவர்களை நோய்க்குப் பயந்து நிறுத்திவைக்கும் ஜெரஜாக் தீவில் எங்களை இறக்கி, மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, கட்டியிருந்த துணியைக்கூட அவித்துத்தான் அனுப்பினார்கள். அன்றைக்குப் பினாங்கு முழுக்கத் தேடினாலும் என்னைவிடச் சுத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டாள்.

நல்ல நாள் வரட்டும், அதுவரை புருஷன் பக்கம் போகாதே என்றீர்கள். சமையலறை மூலையில் பாய் போட்டுக் கொடுத்தீர்கள். பாய்க்கு ஒரு முழம் தள்ளி அடைக்கோழிக் கூடை. நாலாம் நாள் எனக்குக் கழுத்தும் தலையும் அரிக்க ஆரம்பித்தது.

"கப்பல்ல வந்த பேனு. எங்க வீட்ல இந்தக் கருமம் எல்லாம் கெடையாது," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னீர்கள். என்னைக் கொல்லையில் குந்த வைத்தீர்கள். கோழிக்கு அரைத்து வைத்திருந்த அதே சீத்தா விதை எண்ணெயை அதே சிரட்டையோடு என் தலையில் கவிழ்த்தீர்கள். அது நெற்றியில் வழிந்து இறங்கியது.

"எரியுது அத்தை! கண்ணு எரியுது!"

"எரிஞ்சாத்தான் சாகும். தலையைக் குனி."

கோழிக்கு மருந்து போடும்போது நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். மடியில் வைத்து, இடது உள்ளங்கையால் அதன் கண்ணைப் பொத்தி, கோழி இறகால் தொட்டுத் தொட்டுத் தடவுவீர்கள். "கொஞ்சம் பொறுத்துக்கடி, ஆச்சு ஆச்சு" என்று கொஞ்சுவீர்கள். ஒரு சொட்டு அதன் கண்ணில் பட்டதில்லை. எனக்கு மட்டும் ஏன் பொத்தவில்லை? மறந்துவிட்டீர்களா? மறக்கவில்லையா?

மூன்று நாள் நான் சுவரைப் பிடித்து நடந்தேன். நடிக்கிறாள் என்றீர்கள். வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்தது. அது தீவில் ஒட்டிக்கொண்ட கண்வலி என்று மகனிடம் சொன்னீர்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் என் தாடையைப் பிடித்துத் திருப்பினீர்கள்.

"வாயைத் தொறந்தே, அடுத்த கப்பல்ல ஏத்திருவேன். ஒத்தக்கண்ணிய உங்க ஊர்ல எவன் வச்சுக்குவான்?"

நான் வாயைத் திறக்கவில்லை. குஞ்சு பொரித்ததும் கூடையை வெளியே எடுத்தீர்கள், அன்றோடு என் அரிப்பு நின்றது. கூடையிலிருந்த வைக்கோல் முழுக்கச் செள்ளு ஊர்ந்துகொண்டிருந்தது. அதை நீங்கள் பார்த்தீர்கள். நான் பார்ப்பதையும் பார்த்தீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கோலைக் கொளுத்திவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். பதினான்கு வருஷம் அதற்காகத்தான் உங்களுக்குச் சோறு போட்டேன்.

பிறகு உங்களுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சு குழறினாலும் புத்தி தெளிவாகவே இருந்தது. கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். அந்த வாரமே சிவப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், உங்கள் மகனுக்கும் இனி தெரியட்டும். கூடையை உங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். செள்ளு வராமல் இருக்க வைக்கோலுக்கு அடியில் நொச்சி இலை பரப்புவீர்களே, அதை நான் வேண்டுமென்றே பரப்பவில்லை. மழைக்காக உள்ளே வைத்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

பத்து நாளில் செள்ளு உங்கள் மேல் ஏற ஆரம்பித்துவிட்டது. அசைக்க முடிந்த இடது கையால் கழுத்தையும் மார்பையும் சொறிந்துகொண்டே கிடந்தீர்கள். துடைக்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல அத்தை, உங்களுக்கு அப்படித் தோணுது," என்பேன். சொல்லச் சொல்ல எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன்?

ஒருநாள் அவர் கவனித்துவிட்டார். "ஏம்மா இப்படிச் சொறியிறீங்க? மேலெல்லாம் தடிச்சிருக்கே?"

நான் வாசலில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினீர்கள். "ஒண்ணுமில்லடா. வயசான தோலு. போய் வேலையைப் பாரு."

நாற்பது வருஷம் கோழி வளர்த்தவருக்குச் செள்ளுக்கும் வயசுக்கும் வித்தியாசம் தெரியாதா? ஏன் சொல்லவில்லை? அதற்குப் பிறகும் நான் கூடையை எடுக்கவில்லை, அத்தை. இன்னும் ஒன்பது நாள் வைத்திருந்தேன்.

குஞ்சுகள் கத்திய அன்று காலையில் என்னை அருகில் கூப்பிட்டீர்கள்.

"எத்தனை பொரிச்சுது?"

"ஆறு."

"அவ்வளவுதானா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். "நொச்சி போட்டிருந்தா கோழி ஒழுங்கா உக்காந்திருக்கும்."

அன்று சாயங்காலம் போய்விட்டீர்கள். பதினான்கு வருஷம் காத்திருந்த எனக்கு நீங்கள் கொடுத்தது அந்த ஒரு வரிதான். அது வசவா, மன்னிப்பா? மன்னிப்பு என்றால் கொடுத்ததா, கேட்டதா? ஒரு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

இன்று அவர் வந்ததும் இதை முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டப் போகிறேன். என் கண்ணுக்கு அவர் என்ன சொல்வாரோ, உங்கள் கட்டிலுக்கு அடியில் நான் வைத்த கூடைக்கு என்ன செய்வாரோ, வருவதை நான் வாங்கிக்கொள்கிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். உங்களுக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன், அத்தை. இனி நான் வைக்கும் ஒவ்வொரு அடைக்கும் நொச்சி போடுவேன். அது கோழிக்காக.

உங்கள் ஒரே மருமகள்,
பாக்கியம்