அச்சுக்குக் கீழே இரண்டு விளக்குகள்

மழை பிழையாது பெய்க. மலையும் கடலும் தத்தம் எல்லையில் நின்று வாழ்க.

மஞ்சு தவழும் பன்னிரு சிகரங்களுக்கு உரியவளும், கரடிக்கொடி உயர்த்தியவளும், ஆவிக்கணவாயின் காவலை முன்னோரிடமிருந்து பெற்றவளுமாகிய மஞ்சுவரை நாட்டு அரசி நீலிநங்கை, முத்துத்துறைகளின் காவலரும் சுறாக்கொடி வேந்தருமாகிய தென்கரை நாட்டு மன்னர் ஆயிரவேலருக்கு எழுதுவித்த ஓலை. தங்கள் துறைகளில் மரக்கலங்கள் நிறைந்திருக்க. தங்கள் உப்பளங்களில் வெயில் குறையாதிருக்க. தங்கள் அரண்மனையில் அனைவரும் நலமாயிருக்க. இங்கு யாம் நலம். மேற்பாடியும் நலம். இரண்டாவது நலத்தை விரித்துச் சொல்லவே இவ்வோலை.

சென்ற ஐப்பசியில் தங்கள் ஓலை எமது அவையில் படிக்கப்பட்டது. ஆவிக்கணவாய்க்கு அப்பால் இருக்கும் மேற்பாடி என்னும் மலையூர் எமதன்று என்றும், மஞ்சு மூடும் மாதங்களில் எமது சக்கரம் அங்கே எட்டுவதில்லை என்றும், சக்கரம் எட்டாத ஊருக்கு உரிமை பேசுவது அழகன்று என்றும் எழுதியிருந்தீர்கள். ஊர் நடுவே தங்கள் கொடிக்கம்பத்தை முன்கூட்டியே நட்டுவிட்ட செய்தியையும், தை பிறந்ததும் அவ்வூர் இளைஞர்களைத் தங்கள் கலங்களுக்குத் துடுப்பு வலிக்க அழைத்துக்கொள்ளப் போவதையும் மறவாது குறித்திருந்தீர்கள்.

இரு நாட்டுக்கும் பொதுவான பழைய சக்கர வழக்கையும் நினைவூட்டியிருந்தீர்கள். மார்கழி முடிவதற்குள் எமது தேர் ஒன்று தலைநகரிலிருந்து உப்புப் பானையுடன் புறப்பட வேண்டும். தங்கள் தூதர் சாட்சியாக அதில் அமர வேண்டும். மஞ்சின் ஊடே சென்று மேற்பாடியின் எல்லைக்கல்லைச் சக்கரம் தொட வேண்டும். தேருக்கு முன்னால் பந்தம் பிடித்து ஒருவரும் நடக்கக் கூடாது. தொட்டால் ஊர் எமது, தவறினால் தங்களது. ஆவிக்கணவாயில் நண்பகலும் அந்தி போலிருக்கும் என்பதையும், அங்கே வண்டியோட்டிக்குத் தன் மாட்டின் கொம்பே தெரியாது என்பதையும் அறிந்துதான் தாங்கள் அவ்வளவு பணிவாக எழுதினீர்கள் என்பதை யாம் உணர்ந்தோம்.

அதே நாட்களில் மேற்பாடியின் ஊர்த்தலைவி பேராச்சி ஆள் மூலம் எமக்குச் சொல்லியனுப்பியதை அவள் சொன்னபடியே எழுதச் சொல்கிறோம். "ஆத்தா, எங்க புள்ளைங்க மலையேறிப் பழகினவனுங்க. அவனுங்களைக் கொண்டுபோய்க் கடல்ல தள்ளினா வாந்தி எடுத்தே செத்துருவானுங்க. எங்களை விட்டுக் குடுத்துறாதீங்க." அன்றே தேரைப் பூட்ட ஆணையிட்டோம்.

எமது காட்டுத்தேரைத் தாங்கள் கண்டதில்லை. தங்கள் வீதித்தேர்களைப் போல அதற்குச் சிற்பமும் சிலம்பும் கிடையா. ஆள் மார்பளவு உயர்ந்த வேங்கைமரச் சக்கரங்கள், அவற்றின்மேல் இரும்புப் பட்டை, பாறையில் இடிக்காத உயரத்தில் அச்சு, இழுப்பதற்கு இரண்டு மலைக்காளைகள். பாதை முடிந்த இடத்தில்தான் அதன் ஓட்டமே தொடங்கும். அதற்குக் குறையாக இருந்தது ஒளி ஒன்றே. நுகத்தடியில் கட்டியிருந்த இரண்டு பந்தங்களும் கணவாய்க் காற்றில் ஒரு வளைவுகூடத் தாங்கியதில்லை.

எமது வெண்கலக் கன்னார்கள் ஆறு புதிய விளக்குகள் செய்தார்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் முகம் தெரியும்படி துலக்கிய வெண்கலத் தட்டு. முன்புறம் காற்றுப் புகாமல் மெல்லியதாகச் சீவிய கொம்புத் தகடு. உள்ளே இலுப்பை எண்ணெய். ஆறையும் தேர்க்கூண்டின் உச்சியில், கரடிக்கொடிக்கு இருபுறமும் பொருத்தினார்கள். உச்சியில் ஏன் என்று தாங்கள் கேட்கலாம். கொடிக்குத் தாழ விளக்கு வைப்பது எம் நாட்டில் கோட்டையை ஒப்படைத்தவர் செய்யும் அடையாளம். ஆகவே விளக்கை வேறிடத்தில் வைக்கலாம் என்ற எண்ணமே ஒருவருக்கும் எழவில்லை. அரண்மனை முற்றத்தில் ஏற்றிப் பார்த்தபோது வெளிமதில் வரை வெளிச்சம் பாய்ந்தது. ஊரே கைதட்டியது. யாமும் தட்டினோம்.

தங்கள் தூதர் மாணிக்கத்தரையர் சாட்சி இருக்கையில் அமர்ந்தார். யாமும் ஏறினோம். தேரோட்டி வில்லிக்குறும்பன் காளைகளை அதட்டினான். கணவாயின் முதல் வளைவைத் தாண்டி மஞ்சுக்குள் நுழைந்ததும் ஆறு விளக்கின் ஒளியும் மஞ்சில் மோதித் திரும்பி எம் கண்களிலேயே விழுந்தது. பாதை இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர் நின்றது. காளைகள் மிரண்டு பின்வாங்கின.

வில்லிக்குறும்பன் எம்மைத் திரும்பிப் பாராமலே, "தாயே, இது வெளக்கா, சுண்ணாம்புச் செவுரா? நாலை அணைச்சுட்டா நாலு முழமாச்சும் தெரியும்" என்றான். பின்னால் குதிரையில் வந்த எமது அமைச்சர், தூதர் முன்னிலையில் ஒளி குறைப்பது இழுக்கு என்றும், திரியைத் தூண்ட வேண்டும் என்றும் விண்ணப்பித்தார். திரி தூண்டப்பட்டது. சுவர் இன்னும் வெளுத்தது. தங்கள் தூதர் வாய்விட்டுச் சிரித்து, "எங்க ராசா கம்பத்தை நல்ல ஆழமாத்தான் நட்டிருக்காரு" என்றார். அவர் சிரிப்பு அடங்குவதற்குள் வலச்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

வேந்தரே, இனி எழுதுவதைத் தாங்கள் தங்கள் தூதரிடம் கேட்டே உறுதி செய்துகொள்ளலாம். தேர் சாய்ந்த அதிர்ச்சியில் உச்சி விளக்குகளில் ஒன்று கழன்று உருண்டு, அணையாமல், பாதையோரப் புல்லில் போய்க் கிடந்தது. மாணிக்கத்தரையர் தலைப்பாகையைத் தேடிக் குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு, தாம் எந்நாட்டுத் தூதர் என்பதையும் மறந்து, "அடேயப்பா! அதோ தடம் தெரியுது! கல்லு, வேரு, பள்ளம், எல்லாம் தெரியுது!" என்று கூவினார். யாமும் இறங்கிக் குனிந்தோம். மஞ்சு தரையைத் தொடவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கீழே அது விலகி மெலிந்திருந்தது. கிடந்த விளக்கின் ஒளி அந்த இடைவெளியில் பாய்ந்து, அடுத்த வளைவு வரை பாதையை விரித்துக் காட்டியது. எமது வழியை முதலில் கண்ட கண் தங்களுடையது என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறோம்.

"தூதரய்யா, வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஊரு உங்களுக்கு வந்திருக்குமே" என்று வில்லிக்குறும்பன் கேட்டான். அவர் தலைப்பாகையைத் தேடியெடுத்துக் கட்டிக்கொண்டார்.

தேரை மீட்டுத் தலைநகர் திரும்பினோம். மார்கழி தேய்ந்துகொண்டிருந்தது. விளக்கை அச்சுக்குக் கீழே இறக்க ஆணையிட்டபோது அவையில் ஒருவரும் அசையவில்லை. கன்னார்கள் உளியைக் கீழே வைத்துவிட்டார்கள். கொடிக்குக் கீழே விளக்கோடு போனால், மேற்பாடி மக்கள் தம்மைத் தென்கரைக்கு ஒப்படைக்கத்தான் அரசி வருகிறாள் என்று கதவடைப்பார்கள் என அமைச்சர் கண்ணீருடன் கூறினார். அவர் கூறியது சரியே. யாம் எழுந்து சென்று, தேரின் உச்சியிலிருந்த கரடிக்கொடியை எம் கையாலேயே அவிழ்த்தோம். விளக்கு எங்கே போகிறதோ அங்கே கொடியும் போகும் என்றோம். அதன்பின் கன்னார்களின் உளி ஓயவில்லை.

ஆறு விளக்கில் நான்கை நீக்கினோம். எஞ்சிய இரண்டும் சக்கரங்களுக்கு வெளியே, அச்சுக்குக் கீழே, முன்னோக்கி நீட்டிய இரும்புக் கைகளில் அமர்ந்தன. ஒளி மேலே சிதறாதபடி ஒவ்வொன்றுக்கும் செப்புப் புருவம் வைத்தார்கள். வெள்ளைக் கொம்பை எடுத்துவிட்டுக் கண் கூசாத தேன்நிறக் கொம்பைப் பொருத்தினார்கள். இடவிளக்கு மலையடியைப் பார்த்தது. வலவிளக்கு பள்ளத்தின் விளிம்பைப் பார்த்தது. வலவிளக்கின் கையில் கரடிக்கொடியைக் கட்டினோம்.

இரண்டாம் முறை கணவாயில் நுழைந்தபோது மஞ்சு முன்னிலும் அடர்த்தி. தூதர், "அம்மா, உங்க கொடி சேத்துல பொரளுது" என்று இடித்துக் காட்டினார். பொரளட்டும் என்று வில்லிக்குறும்பனே விடையளித்துவிட்டான். இரண்டு மஞ்சள் பாய்களை விரித்தாற்போல ஒளி தரையோடு முன்னே ஓடியது. காளைகள் அதன்மேல் கால் வைத்து நடந்தன. முன்பு சக்கரம் இறங்கிய பள்ளம் இப்போது வாய் திறந்து தெரிந்தது, விலகிச் சென்றோம். ஓடைக் கற்களைக் கடந்தோம். பாறைச் சரிவில் தேர் ஒருக்களித்தபோது தூதர் எமது அரச தோளைப் பற்றிக்கொண்டார். அவசரம் கருதி மன்னித்தோம்.

மேற்பாடி மக்கள் மஞ்சுக்குள் முதலில் கண்டது தரையோடு ஊர்ந்துவரும் இரண்டு ஒளிகளை. புலியென்று எண்ணித் தடியெடுத்தவர்கள், விளக்கருகே சேறு படிந்த கரடியைக் கண்டதும் தடியைப் போட்டார்கள். ஒரு கதவும் அடைபடவில்லை. சக்கரம் எல்லைக்கல்லைத் தொட்ட ஓசையைத் தங்கள் தூதர் தம் காதாலேயே கேட்டார். பேராச்சி உப்புப் பானையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு எம்மைப் பார்த்து, "வர்றதுதான் வர்றீங்க, கொஞ்சம் வெரசா வந்திருக்கக் கூடாதா? உப்பில்லாத கஞ்சி குடிச்சுக் குடிச்சு நாக்கே மரத்துப்போச்சு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வழக்கின்படி முதல் உப்பிட்ட கஞ்சியைச் சாட்சிக்கே கொடுத்தார்கள். மாணிக்கத்தரையர் இரண்டு கலம் அருந்தி, ஊர் மஞ்சுவரை நாட்டுடையதே என்று மூன்று முறை உரக்கச் சொன்னார். மூன்றாம் கலமும் கேட்டார்.

ஆதலால் வேந்தரே, சக்கர வழக்கு தீர்ந்தது. மேற்பாடி இளைஞர்கள் மலையிலேயே இருப்பார்கள். தாங்கள் நட்ட கம்பத்தில் இப்போது ஒரு கன்றுக்குட்டி கட்டப்பட்டுள்ளது. அதைப் பிடுங்கிச் செல்ல ஆளனுப்புக. வரும் நாளில் மஞ்சு மூடியிருந்தால் கவலை வேண்டாம். எமது தேர் எதிரே வந்து அவர்களுக்கு ஒளி காட்டும்.

இன்னுமொன்று. இவ்வோலையைத் தங்கள் வாயிலுக்குக் கொண்டுவருவது அதே காட்டுத்தேர்தான். தங்கள் தூதரும் நலமாக அதில் திரும்புகிறார். விளக்கும் கொடியும் இனி என்றும் அச்சுக்குக் கீழேயே இருக்கும் என்று ஆணையிட்டுள்ளோம். சேற்றைக் கழுவக் கூடாது என்பதும் ஆணை.

மேற்பாடி மண் கலந்த அரக்கில் கரடி முத்திரை பதித்தோம். இது அரசி நீலிநங்கையின் சொல். மலை உள்ளளவும் மாறாது நிற்க. ஒரு நாட்டின் தேர் வாயிலுக்கு வந்தால் அந்நாட்டுக் கொடியை முகத்துக்கு நேர் நோக்கி வணங்குவது மன்னர்க்குரிய மரபு. தாங்கள் மரபு தவறாதவர். எவ்வளவு குனிய வேண்டும் என்பதை மாணிக்கத்தரையர் செய்து காட்டுவார்.