மேல் லயத்து ஊற்று

மார்ச் 12, இரவு 10.20. இன்று புதைத்த குழாய்: பூச்சியம்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஊற்று இருப்பது மேல் லயத்துக்கு, அதாவது மேலே உள்ள தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பின்னால். தண்ணீர் இல்லாதது கீழ் லயத்தில். குடிநீர்த் திட்ட வேலையை நான் தொடங்குமுன் கீழ் லயத்துத் தொழிற்சங்கத் தலைவர் வீட்டில் மட்டும் தேத்தண்ணி குடித்துவிட்டேன். மேல் லயம் வேறு சங்கம்; குழாய் அதன் வாசல் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். இன்று அதன் தலைவர் ராமையாவிடம் போனேன்.

"வாங்க சார். தேத்தண்ணி குடுக்கலாம்னா வீட்டுல தூள் இல்லீங்களே."

தேயிலைத் தோட்டத்தில்! சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"தலைவரே, இது எல்லாருக்குமான திட்டம்."

"அப்ப குடிச்ச வீட்டு வாசல்லயே குழி வெட்டுங்க. எங்க வாசல்ல வேணாம்."

வரைபடத்தை விரித்தேன். யாரும் பார்க்கவில்லை. மாதக் கடைசிக்குள் குழாய் இறங்காவிட்டால் திட்டம் தெமோதரைத் தோட்டத்துக்குப் போய்விடும். கீழ் லயத்துப் பெண்கள் ஓடையிலேயே குடம் நிரப்ப வேண்டியதுதான்.

1. நாளை காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே ராமையா வீட்டுக்குப் போக வேண்டும்.
2. வரைபடம் கொண்டுபோகக் கூடாது.
3. அதைக் கேள்விப்பட்டுக் கீழ் லயத்துத் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? தெரியவில்லை.