யார் தள்ளுகிறார்கள்?

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ வாதாடுவதைப் பார்த்து அப்பா உனக்கு வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் கொடுத்த தந்திச் செய்தியைக் கப்பலுக்குச் சொல்லிவிட்டதாக உன் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆராய்ச்சிக் கப்பலை நடுக்கடலிலிருந்து திருப்ப முடியாது என்றும் சொன்னார்கள். எனக்குத் தெரியாதா. நீ வராததற்கு யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. சொன்ன ஒன்றிரண்டு பேருக்கு நானே பதில் கொடுத்துவிட்டேன்.

அப்பா கஷ்டப்படவில்லை. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் நழுவி விழுந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து, எடுத்து மடித்து வைத்தேன். பாத்திரம் கழுவிவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

உன் சித்தி துணைக்கு வந்திருக்கிறாள். என் சமையலறையில் ஒரு டப்பாகூட இருந்த இடத்தில் இல்லை. உப்பைத் தேடியே பாதிப் பொழுது போகிறது, அதுவும் நல்லதுக்குத்தான். அப்பா பாடம் நடத்திய பள்ளிக்கூடத்திலிருந்து அவருடைய உலகப் படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கே மாட்டுவதென்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.

அவர் போன அடுத்த வாரம், நீ முன்பே துறைமுகத்தில் போட்ட கடிதம் வந்தது. எப்போதும் போல உறையில் அவர் பெயர். பிரிக்கலாமா கூடாதா என்று நாள் முழுக்க மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே மெல்லிய தாளில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. கப்பலுக்குப் பின்னால் காந்தம் அளக்கும் கருவியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் எடுத்தது என்றும், நடுவில் மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்படியும் அவருக்கு எழுதியிருந்தாய். நான் மடித்துப் பிடித்தேன். மேட்டின் மேல் மேடும் பள்ளத்தின் மேல் பள்ளமும் அப்படியே உட்கார்ந்துகொண்டன.

பிறகு நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நடுக்கடலில் தரை பிளந்து அடியிலிருந்து கல்குழம்பு மேலே வருகிறது. உறையும்போது அந்தக் காலத்துக் காந்தத் திசையைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாகிவிடுவதால் கல்லில் வரி வரியாக விழுகிறது. புதுத் தரை வர வரப் பழையது இரண்டு பக்கமும் ஒதுங்குகிறது, கண்டங்களும் அதோடு சேர்ந்து போகின்றன. இரண்டு பக்கமும் ஒரே வரிகள் இருப்பதால்தான் மடித்தால் பொருந்துகிறது. சரியாகப் புரிந்துகொண்டேனா? கண்டம் நகர்கிறதென்றால் யார் தள்ளுகிறார்கள் என்று இத்தனை வருஷமாக உன்னைக் குடைந்துகொண்டிருந்தார். பதில் வந்தது, கேட்டவர் இல்லை. ஜன்னலருகில் நின்று வாய்விட்டு அழுதேன்.

இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள், கரைக்கு வந்ததும் நேரே வீட்டுக்கு வருகிறேன் என்று முடித்திருந்தாய். கடைசியாக வந்திருந்தபோது இதே சண்டையில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, அப்பா ஒத்துக்கொள்ளும் நாளில்தான் இந்த வாசற்படியை மிதிப்பேன் என்று நீ சொன்னபோது நாங்கள் இருவரும் சிரித்தோம். நிஜமாகவே வராமல் இருப்பாய் என்று யார் கண்டது.

இனிமேல் எழுதுவதை நின்றுகொண்டு படிக்காதே. எங்காவது உட்கார்ந்துகொள்.

அவர் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார். சாயங்காலம் காபிக்கு வருகிற கணக்கு வாத்தியார் ஒருநாள், கண்டமாவது நகர்வதாவது என்று கிண்டல் செய்தார். அப்பாவுக்கு வந்ததே கோபம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பிராணியின் எலும்பு கல்லில் கிடைக்கிறதே, அது நன்னீரில் வாழ்ந்த பிராணி, "அவ்வளவு பெரிய கடல நீந்தியா வந்திருக்கும்?" என்று பிடித்துக்கொண்டார். கரையில் பொருந்தாத கண்டங்கள் கடலுக்குள் இருக்கும் விளிம்பில் பொருந்துவதையும் சொன்னார். எல்லாம் உன் கடிதங்களில் இருந்ததுதான், வரிக்கு வரி. நீ இல்லாத இடத்தில் அவர்தான் உனக்கு வக்கீல்.

அப்படியானால் மகளுக்கு ஏன் மாற்றி எழுதுகிறீர்கள் என்று வாத்தியார் கேட்டார். "நான் சரின்னு எழுதிட்டா அவ எதுக்கு எனக்கு இவ்வளவு நீளமா எழுதப்போறா? நலம்னு நாலு வரியில முடிச்சிடுவா" என்றார். அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த நான் சிரித்தேன். உன் சபதத்தை அவர் விளையாட்டு என்றே நினைத்திருந்தார். அவர் பிடிவாதம் விளையாட்டு என்று உனக்கும் தெரியாது.

உன் கடிதங்களைத் தலைமாட்டில்தான் வைத்திருந்தார். நான் எதையும் எடுக்கவில்லை, சித்தியையும் தொட விடவில்லை.

கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக அழாதே, கூட இருப்பவர்களிடம் சொல்லி அழு. நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நடுவில் புதுத் தரை வந்துகொண்டே இருந்தால் பூமி ஊதிப் பெருத்திருக்க வேண்டுமே? பெருத்ததாக நீ எழுதவில்லை. அப்படியென்றால் பழைய தரை எங்கே போகிறது? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எழுதி அனுப்பினால் எனக்குப் புரியாது. நேரில் வந்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல். அதுவரை நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.

பத்திரமாக வந்து சேர், கண்ணு.

உன் அம்மா