இரண்டு இடது பக்கம்

12, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பைக் செயினுக்கு எண்ணெய் போட்டேன். அண்ணன் பைக்குக்கும் போடவா என்றேன். வேண்டாமாம்.

ஞாயிறு அவனும் கூட்டாளிகளும் பைக்கில் உடப்புசல்லாவை போகிறார்கள். எல்லாருக்கும் கையில்லாத டெனிம் ஜாக்கெட். ஸ்வெட்டருக்கு மேல் போட்டால் நெஞ்சில் காற்று ஏறாது, பார்க்கவும் கெத்து. நானும் என் பைக்கில் வருகிறேன் என்றேன்.

"ஜாக்கெட் இருந்தா வா. இல்லாட்டி என் பின்னாடி குந்திக்க."

சொந்தமாகப் பைக் வாங்கியது இவன் பின்னால் குந்தவா?

13, புதன்
வேலை விட்டு நுவரெலியாக் கடைகள். நஸீர் நானா கடையில் ஒன்று தொங்கியது. விலை கேட்டேன், திருப்பி மாட்டினேன்.

"கொறச்சித் தாறேன் தங்கச்சி." அவர் குறைத்தும் எட்டவில்லை. "கார்மென்ட்லதானே வேல? நீங்களே தச்சிக்கலாமே."

சிரித்து மழுப்பினேன். கார்மென்டில் சேர்ந்த நாளிலிருந்து நான் தைப்பது இடது முன்பக்கப் பாக்கெட் மட்டும். மற்றதெல்லாம் வேறு ஆட்கள். ஒரு முழு உடுப்பு தைத்ததில்லை என்று யாரிடம் சொல்ல? தேயிலைத் தோட்டத்தில் எனக்குத் தையல்காரி என்று பெயர் வேறு.

15, வெள்ளி
லீவு போட்டேன். பனி, எதிர் மலை தெரியவில்லை.

எடுத்தவை: அண்ணனின் பழைய நீல ஜீன்ஸ் இரண்டு (கேட்கவில்லை). தடித்த ஊசி. பட்டன். உள்ளுக்குத் தைக்க அம்மாவின் பழைய படங்கு. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுவது, ஈரம் ஏறாது.

பக்கத்துக் காம்பரா வீட்டு செல்வி அக்காவின் மெசின். முதுகும் முன்பக்கம் இரண்டும் வெட்டிப் பாக்கெட் வைத்தேன். பாக்கெட் அச்சு மாதிரி வந்தது. சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் இரண்டும் இடது. என் கண்ணுக்கு முன்பக்கம் என்றால் இடதுதான் போல.

"ரெண்டு எடது கை உள்ள ஆளுக்கா தைக்கிற?" செல்வி அக்காவுக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை. நீலத் துணியும் தீர்ந்துவிட்டது.

அம்மா ஒன்றுதான் கேட்டது. "அப்ப அண்ணன் பின்னாடியே போறியா?"

இல்லை.

16, சனி
என் கறுப்பு ஜீன்ஸை வெட்டினேன். வலது முன்பக்கம் கறுப்பு, போகட்டும். கழுத்து, அக்குள், எல்லாம் கை வைத்தே பழகாத இடங்கள். மூன்று தடவை பிரித்தேன். ஊசி ஒன்று போச்சு. தோளுக்கும் பக்கத்துக்கும் இரட்டைத் தையல்.

பின்னேரம் முடிந்தது. போட்டுக்கொண்டு அம்மா முன்னால் நின்றேன். உள்ளே இருந்த படங்கைத் தடவிப் பார்த்தது.

"எங்கள வேல வாங்குற கண்டாக்கு ஐயாகிட்டகூட இப்படி ஒண்ணு இல்ல புள்ள."

பெருமையாக இருக்கிறது. இன்னும் கழற்றவில்லை.

17, ஞாயிறு
நல்ல வெயில். ஆறு பைக், ஆறாவது நான். கந்தப்பளையில் தேத்தண்ணி.

"ஒரு பக்கம் கறுப்பு நல்லா இருக்கே. எங்க வாங்குனீங்க?" அண்ணனின் கூட்டாளி ஒருவன்.

"நான் தச்சது."

"பாக்கெட்டா?" இது அண்ணன், நக்கலாக.

"முழுசும்."

சுற்றி வந்து பார்த்தான். "என் ஜீன்ஸ் மாதிரி இருக்கு."

"மாதிரி இல்ல. உன்னுதுதான்."

திரும்பி வரும்போது அண்ணன் பைக் செயின் அறுந்தது. பைக்கைக் கந்தப்பளைக் கராஜில் விட்டுவிட்டு, வந்து என் பின்னால் குந்தினான். முதல் வளைவிலேயே ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தையல் விட்டுறாதே?"

"ரெட்டத் தையல். நல்லா புடிச்சுக்க."