தேவதூதன் வராத ரீல்

மேற்கு மாம்பலம்
12.2.1971

என் செல்ல மருமகள் ஜெயபாரதிக்கு மாமா சுயம்புலிங்கத்தின் ஆசிகள். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். பூனாவுக்குப் போய் நீ இளைத்துவிட்டதை நீ அனுப்பிய போட்டோவே சொல்கிறது.

நீ வேலை பார்க்கும் பழைய படக் காப்பகத்துக்காக என் டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டேன். பெற்ற மகனைக் கிழவர் ஒருவர் மலைமேல் பலி கொடுக்கப் போகும் பைபிள் ஊமைப்படம். எங்கள் சினிமாக் கொட்டகையைக் கலைத்தபோது முதலாளி என்னிடம் விட்டுப்போனது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் சமயத்தில் கொட்டகை போடுவோம். திரைக்குப் பக்கத்தில் நின்று நான்தான் கதை சொல்வேன். "நம்ம பிள்ளைக்கறிக் கதைதான், வெள்ளைக்காரன் தாடி வச்சு எடுத்திருக்கான்" என்று ஆரம்பித்தால் சாமி பார்க்க வந்த கூட்டத்தில் பாதி உள்ளே வந்துவிடும். என் குரலைக் கேட்டுத் துரைமார் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். மூன்று பேர் என்றும் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் என்னோடு இருந்த ஆபரேட்டர் மெஹபூப் அலி மகள் வீட்டுக்குப் பம்பாய் போகிறான். வழியில் இறங்கி ரீலை உன்னிடம் தருவான். சீக்கிரம் தீப்பிடிக்கும் பழைய ஃபிலிம் என்பதால் ஈரச்சாக்கில் சுற்றியிருக்கிறான். "இன்னா அண்ணாத்தே, இது படமா பட்டாசா" என்கிறான்.

உங்கள் டைரக்டருக்கும் ஒரு கடிதம் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். ஓர் அங்குலம் குறையாத படம், தேவதூதன் இறங்கிக் கத்தியைத் தடுக்கும் காட்சி முழுசாக இருக்கிறது என்று. உனக்குப் பெருமையாக இருக்கட்டும்.

உன் மாமா
சுயம்புலிங்கம்


பூனா
3.3.1971

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். மெஹபூப் மாமா ரீலைப் பத்திரமாகத் தந்தார். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா?

நேற்று படத்தைப் பார்த்தோம். கிழவர் கத்தியை ஓங்குகிறார். அடுத்த நொடி அப்பாவும் மகனும் மலை இறங்கி வருகிறார்கள். நடுவில் தேவதூதன் இல்லை. அந்த இடத்தில் ஃபிலிமை வெட்டி ஒட்டியிருக்கிறது.

டைரக்டர் உங்கள் கடிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். டப்பா இரண்டு நாள் என் அலமாரியில் இருந்தது, சாவியும் என்னிடம்தான். முழுசாக வந்த படத்தில் ஒரு துண்டு காணோம் என்றால் யார்மேல் சந்தேகம் வரும்? என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இருபத்தைந்தாம் தேதி விசாரணை. அனுப்பும்போது அந்தக் காட்சி இருந்ததா, மாமா?

ஜெயபாரதி


மேற்கு மாம்பலம்
8.3.1971

ஜெயபாரதிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இருந்ததா என்று என்னையே கேட்கிறாயே. என் கண்ணால் பார்த்த தேவதூதன். சிறகு மட்டும் இரண்டு ஆள் உயரம்.

அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்களை நன்றாக விசாரி. சிரித்துச் சிரித்துப் பேசுகிறவனை முதலில் விசாரி. அப்புறம், இதைச் சொல்ல மனசு வரவில்லை. மெஹபூப் குண்டக்கல்லில் டீ குடிக்க இறங்கினானாம். அவனே சொன்னதாக அவன் மச்சான் சொன்னான். டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஃபிலிமை வெட்டவும் ஒட்டவும் தெரிந்த கை அவனுடையது. பம்பாயில் இதையெல்லாம் வாங்க ஆள் இருக்கிறார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. நீயே யோசித்துக்கொள்.

மாமா


பூனா
14.3.1971

மாமாவுக்கு,

நீங்கள் எழுதியதை டைரக்டரிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால் போலீஸ் மெஹபூப் மாமா வீட்டுக்குப் போகும். காட்டாவிட்டால் பழி என்மேல்.

இங்கே ஒட்டு வேலை தெரிந்த பெரியவர் அந்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது பழைய ஒட்டு, பசையெல்லாம் மஞ்சளாகிவிட்டது" என்றார். ஆனால் முழுப்படம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கும்வரை என் பேச்சு எடுபடாது.

பம்பாய்க்கு எழுதி மெஹபூப் மாமாவையும் கேட்டேன். மகளை எழுதச் சொல்லி ஒரே வரி பதில் போட்டிருக்கிறார்: "உன் மாமாவக் கேளும்மா."

சின்ன வயதில் நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் நம்பினேன். துரைமார் தொப்பியைக்கூட. இப்போது உங்கள் கடிதம் வந்தால் எந்த வரி நிஜம் என்று தேடுகிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜெயபாரதி


மேற்கு மாம்பலம்
18.3.1971

ஜெயபாரதி,

டைரக்டருக்கு இன்று ரிஜிஸ்டர் தபாலில் எழுதிவிட்டேன். நான் அனுப்பியபோதே அந்தக் காட்சி கிடையாது, முழுப்படம் என்று எழுதியது பொய், என் மருமகளுக்கும் மெஹபூப் அலிக்கும் இதில் சம்பந்தமில்லை. நாலே வரி. அதன் நகலும் இதோடு இருக்கிறது.

உனக்குக் கொஞ்சம் அதிகம் எழுத வேண்டும்.

உனக்கு முன்னால் உன் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து, மூன்று வயதில் காலராவில் போனது உனக்குத் தெரியும். துக்கம் மறக்கட்டும் என்று அந்த வருஷம் அறுபத்துமூவருக்கு அவளை மயிலாப்பூர் கூட்டிவந்து, கொட்டகையில் முன்னால் உட்கார வைத்தேன். என்ன படம் என்று யோசிக்கவில்லை. என் சாமர்த்தியத்தை அவள் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு. தேவதூதன் கையைப் பிடித்ததும் சனமெல்லாம் கைதட்டியது. உன் அம்மா பங்கஜம் எழுந்து நின்றாள். "ஏண்ணே, அந்தப் பிள்ளைக்கு ஆள் வந்துச்சே, எம் பிள்ளைக்கு ஏன் வரல?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. வழி கேட்பதுபோலத்தான் கேட்டாள். மிச்சப் படம் பேச்சில்லாமல் ஓடியது.

மறுநாள் அதை வெட்டிவிடு என்று மெஹபூபிடம் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. வெட்டி ஒட்டினான். துண்டை நானே கொளுத்தினேன். அப்புறம் நடுவில் இருந்த ஓட்டையை நான் பேசி நிரப்பினேன். மாம்பலத்தில் மழை வந்து பிள்ளையைக் காப்பாற்றியது. அடையாறில் தாய் ஓடிவந்தாள். ஊருக்கு ஒரு காரணம். உன் அம்மா மட்டும் அப்புறம் என் கொட்டகைக்கு வரவேயில்லை. அவள் சாகும்வரை நானும் கூப்பிடவில்லை.

குண்டக்கல் டீ நான் கட்டிய கதை. அவன் மச்சான் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மெஹபூப் நேற்று பம்பாயிலிருந்து வந்துவிட்டான். வந்ததும் என் முழங்காலுக்குத் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறான். மத்தியானம் ராயப்பேட்டையில் அவன் வீட்டுக்குப் போய், அவனைப் பற்றி உனக்கு நான் எழுதியதை ஒன்று விடாமல் அவனிடம் சொல்லப் போகிறேன். ஏன் எழுதினாய் என்று கேட்பான். அதற்கு எந்தக் கதையும் யோசித்து வைக்கவில்லை.

சுயம்புலிங்கம்